செலவு வரி என்றொரு வரி

தலைநகரில் கணக்கெழுதிப் பிழைக்க வந்தவன் நான். ஆதலால் பிறர்க்குச் சலிப்பூட்டும் வரிச் சட்ட வரலாறு எனக்குக் கதைபோலச் சுவைக்கும். அதிலும் நெஞ்சை விட்டகலாதது செலவு வரியின் கதை.

1956இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்த கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டர், ஐந்து இழைகளால் ஒரு வலை பின்னித் தந்தார்: வருமானம், மூலதன ஆதாயம், சொத்து, கொடை, செலவு. வருமானத்தை மறைத்தவன் செலவில் அகப்படுவான்; செலவை மறைத்தவன் சொத்தில் அகப்படுவான். அதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச விகிதம் 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும் அவர் சொன்னார்.

நிதியமைச்சராயிருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொணர்ந்தார். புதிய வரிகள் வந்தன. உச்ச விகிதமோ 45க்கு இறங்கவில்லை. செல்வர்க்கு முறையிடக் காரணம் கிடைத்தது, விலக்குகளும் புகுந்தன. 1962இல் செலவு வரி நீங்கிற்று. மீண்டும் அமைச்சரான டி.டி.கே. 1964இல் அதனை உயிர்ப்பித்தார். 1966இல் மறுபடி மடிந்தது.

அவ்வரியைச் செலுத்தியவர் மிகச் சிலரே. எனினும் அச்சிலரின் குரல் அவையில் கேட்டது. மறைக்க ஏதுமற்ற மாதச் சம்பளக்காரரோ (நம்மில் பெரும்பாலோர் அவர்கள்தாமே) அது பிறந்ததையும் அறியார், மடிந்ததையும் அறியார். சம்பளம் கைக்கு வருமுன்னரே வரி பிடிக்கப்படுவோர்க்கு முறையிட நேரமேது?

1970களின் தொடக்கத்தில் உச்ச விகிதம் 97.75 விழுக்காடு வரை ஏறிற்று. ஏறியது சட்டப் புத்தகத்தில். சொத்து வரியும் 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எடுபட்டது. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றினார்கள். அதன் நடை எளிதாயிற்று. கால்டரின் வலையை யாரும் மீண்டும் கையிலெடுக்கவில்லை.