மகளுக்கு ஒரு பாய்ப்படகு

பத்து வயதுப் பெண்குழந்தைக்கு முதல் பாய்ப்படகாக எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி தனுவச்சபுரத்தில் எழுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ரப்பர் மரங்களும் மரச்சீனி விளைகளும் ஒரு கல்லூரியும் ஒரு சிறு ரயில் நிலையமும் கொண்ட ஊர் இது. இங்குள்ள பிள்ளைகள் மிதிவண்டிதான் கேட்பார்கள். ஆனால் பொழியூர்க் கடலும் நெய்யாறு கடலில் சேரும் பூவாறும் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. என் மனைவி பிறந்ததோ வள்ளவிளைப் பக்கத்துக் கடற்கரையில். ஆகவே எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வேடிக்கையாக எழவில்லை.

கேள்விக்குக் காரணம் ‘தாரிணி’. இந்தியக் கடற்படையின் அந்தப் பாய்க்கப்பலில் இரண்டே பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஒரு மலையாளி, ஒரு தமிழச்சி. 1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் போயின. அன்று முதல் பள்ளியில் மலையாளமும் அடுக்களையில் தமிழுமாக வாழும் எங்களைப் போன்ற வீடுகளுக்கென்றே அமைந்த இணை அது. மகள் அந்தப் படத்தை வெட்டி அலமாரியில் ஒட்டினாள். அடுத்த வாரம், “அப்பா, எனக்கு ஒரு பாய்ப்படகு வேணும்” என்றாள்.

என் ஆய்வு இந்தக் கரையின் படகுச் சொற்களைப் பற்றியது. அணியம், அமரம், தாமான், ஆஞ்சான் என்று அட்டைகளில் எழுதிச் சேர்ப்பவன் நான். பாயின் கீழ்முனைக் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர் எனத் தெரிந்திருப்பது ஒன்று. காற்று திரும்பும் கணத்தில் அதை எவ்வளவு தளர்த்த வேண்டும் எனத் தெரிந்திருப்பது முற்றிலும் வேறு. ஆகவே இதையும் ஓர் ஆய்வாகவே எடுத்துக்கொண்டு, படித்தும் பாய் ஓட்டத் தெரிந்தவர்களிடம் கேட்டும் சில மாதங்கள் செலவிட்டேன். அறிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு வீட்டிலும் இக்கேள்வி எழலாம்.

உலகெங்கும் இதற்குக் கிடைக்கும் முதல் விடை ‘ஆப்டிமிஸ்ட்’ என்பதே. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிளியர்வாட்டர் என்னும் ஊரில் பிறந்த படகு இது. பழப்பெட்டிகளில் சக்கரம் கோத்துச் சிறுவர்கள் ஓட்டும் பந்தயத்தைப் போலத் தண்ணீரிலும் ஒன்று வேண்டும் என்று கிளிஃபோர்ட் மெக்கே என்பவர் விரும்பினார். ஊர்ப் படகுகட்டியான கிளார்க் மில்ஸ் அதற்கு உருவம் கொடுத்தார். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இரண்டு ஒட்டுப்பலகைகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அதன் அணியம் கூராக இல்லாமல் மழுங்கி நிற்பதற்கு அந்தப் பலகையின் நீளமே காரணம். பார்ப்பதற்கு மிதக்கும் தொட்டிதான். டென்மார்க்குக்காரர் ஒருவர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். 1965இல் அதற்கெனப் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது ஓடுகிறது. எடை 35 கிலோ. பாய் ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். பதினைந்து வயது வரை இதில் பந்தயம் ஓட்டலாம்.

அந்தப் பாயின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது குறுக்குக் கழி. பாய்மரத்திலிருந்து பாயின் மேல் மூலைக்குச் சாய்வாகச் செல்லும் ஒரு கழி பாயை விரித்துப் பிடிக்கிறது. அதைத் தளர்த்தினால் பாயின் மேற்பகுதி தொய்ந்து வலுவிழக்கும். மிரண்ட குழந்தைக்கு அவகாசம் கிடைக்கும்.

நம் பெற்றோர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பவர்கள். ‘வளரும் பிள்ளை’ என்போம். படகில் அது ஆகாது. பாய்ப்படகில் ஓட்டுபவரின் உடல் எடைதான் காற்றின் தள்ளலுக்கு எதிர்நிறை. என் மகள் 28 கிலோ. ஏழெட்டுச் சதுர மீட்டர்ப் பாயின் முன் அவளைத் தனியே உட்காரவைத்தால் படகு அவள் சொல்லைக் கேட்காது. இரண்டு முறை அப்படி நடந்துவிட்டால் அந்தக் குழந்தை பிறகு தண்ணீர்ப் பக்கமே வராது என்று சென்னையில் பயிற்சி தரும் ஒருவர் சொன்னார். அவர் வாங்கச் சொன்னதும் ஆப்டிமிஸ்ட்தான்.

அதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஆப்டிமிஸ்ட் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். காற்றுப்பைகள் அதை மூழ்காமல் வைத்திருக்கும் என்றாலும், குழந்தை அதை நிமிர்த்தி, ஏறி, வாளியால் தண்ணீரை இறைத்து முடிக்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் படகுகளில் தண்ணீர் தானே வடிந்துவிடும். நிமிர்த்தினால் உடனே ஓட்டலாம். இந்த வாதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் தங்காத, மூழ்க முடியாத மிதவை நம் கரையில் இருந்ததுதானே! கட்டுமரத்தில் மரங்களின் இடைவெளி வழியே அலை ஏறி இறங்கிப் போய்விடும். இறைப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. கவிழ்ந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். இரண்டு மூன்று குட்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியதே கடற்கரைப் பையன்களின் முதல் படகாக இருந்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்திருக்கிறேன். பையன்களின் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிளாஸ்டிக் படகுகளை நான் ஒதுக்கியதற்கு வேறு காரணங்கள். இறக்குமதி செய்தால் விலை இலட்சங்களில் போகிறது. அதைவிட முக்கியம், அந்தப் பிளாஸ்டிக்கில் பிசின் சரியாக ஒட்டாது. விரிசல் விட்டால் இங்கு சரிசெய்ய ஆளில்லை. கண்ணாடியிழைப் படகென்றால் பொழியூரில் பத்தில் ஒரு வீட்டுக்காரர் ஒட்டித் தருவார். பழைய கண்ணாடியிழை ஆப்டிமிஸ்ட் ஒன்று விலைக்கு வந்தது. என் மூன்று மாத உதவித்தொகை அளவு சொன்னார்கள். ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் மனைவி பேசினாள். அதுவரை அவள் இந்த உரையாடல்களில் கலந்துகொள்ளவே இல்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது அவளுடைய அண்ணன் கடலில் இருந்தார். எச்சரிக்கை கரையை எட்டியபோது எத்தனையோ படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இந்தக் கரையில் தூத்தூர் முதல் பூந்துறை வரை அப்படிப்பட்ட வீடுகள் பல. மகளுக்கு மாமாவைப் பற்றிய நினைவு கிடையாது. மாதா கோயில் திருநாளில் எடுத்த ஒரு படம் மட்டும் உண்டு.

“பிள்ளைக்கு நீச்சல் தெரியும்” என்றேன். இரண்டு வருடமாகக் குளத்தில் பழக்கியிருக்கிறோம்.

“நீச்சல் தெரியாமலா எங்க அண்ணன் போனான்?” என்றாள்.

அதற்கு விடை இல்லை. அவள் மறுக்கவும் இல்லை. சில நாள் கழித்துத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். கடலில் இறக்கக் கூடாது. பூவாற்றுக் காயல் மட்டும். மிதவைச் சட்டை பிள்ளையின் எடைக்குப் பொருந்தியதாக, கால்களுக்கிடையே வரும் பட்டையோடு, தழும்பிக் கழன்றுவிடாதபடி இருக்க வேண்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் படகு வீட்டில். கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றையும் மாற்றியது: “நானும் கூட ஏறுவேன்.”

அவள் படகில் ஏறியதே இல்லை. தந்தையும் அண்ணனும் கடலில் வாழ்ந்தார்கள். தாய் தலையில் மீன் கூடை சுமந்து ஊர் ஊராய் விற்றார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணும் மரத்தில் கால் வைத்ததில்லை. சிறுவயதில் கரையில் கிடந்த கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்ததற்காக அடி வாங்கிய கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னாள்.

ஆப்டிமிஸ்டில் தாயும் மகளும் அமர முடியாது. ஆகவே தேடலை மறுபடி தொடங்கினேன். இருவர் படகுகளில் எங்களுக்குப் பொருந்தியது ‘மிர்ரர்’. 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்னும் இருவர், சாதாரண மனிதர் தம் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வடிவமைத்தது. டெய்லி மிர்ரர் நாளிதழ் பரப்பியதால் அந்தப் பெயர். நீளம் 3.3 மீட்டர், எடை 45 கிலோவுக்குச் சற்று மேல். பாய்மரமும் கழிகளும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சிறு டெம்போவில் பூவாற்றுக்குக் கொண்டுபோகலாம். முன்பாயை இறக்கிவிட்டுப் பெரிய பாயை மட்டும் வைத்து, மகள் வளர்ந்தபின் தனியாகவும் ஓட்டலாம்.

அதைச் செய்யும் முறைதான் என்னை வீழ்த்தியது. ஒட்டுப்பலகைகளின் விளிம்பில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மீது கண்ணாடியிழை நாடாவும் பிசினும் இட்டு இறுக்குவது. இது நம் கரைக்குப் புதியதன்று. 1980களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் வழியாக, பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முதலானோர் முட்டத்தில் மீனவர்களுக்காக ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார்கள். அந்த அனுபவத்தை ஜில்லே 1985இல் ஒரு நூலாக எழுதினார். ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’, அதாவது சிறியது கடினம், என்பது தலைப்பு. கட்டுமரத்திலிருந்து இயந்திரப் படகுக்கு இந்தக் கரை மாறியதில் அந்த ஒட்டுப்பலகைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் வெகு முன்பே ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்தவர்கள் நாம். கெட்டுவள்ளம் என்ற சொல்லே கட்டிய வள்ளம் என்பதுதான்.

அந்தத் தொழிலறிந்த முதிய மேஸ்திரி ஒருவரிடம் மிர்ரரின் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது விளையாட்டுச் சாமானம் இல்லையே, வள்ளம்தானே” என்றார். பிறகு, அமரத்தில் சுக்கான் மாட்டும் இடத்தைத் தொட்டு, அங்கே இன்னொரு பலகை வைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்றார். பந்தயச் சங்கத்தின் அளவுமுத்திரை எங்களுக்குத் தேவையில்லை; ஆகவே அவர் கையின் தீர்ப்பே போதும்.

பந்தயம் ஓட்டும் ஆசை மகளுக்கு வந்தால் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் அங்கே இருக்கிறது. தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் இருக்கிறது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் அந்தத் துறைமுகத்து நீரிலிருந்து வந்தவர்தான். விடுமுறை முகாம் ஒன்றில் ஆப்டிமிஸ்டில் உட்காரவைத்துப் பார்த்தால், அந்தத் தொட்டி அவளுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அது பின்னால்.

பூவாற்றின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே தென்னைகள் காற்றை மறிக்கின்றன. சுற்றுலாப் படகுகள் வேறு குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. பாய் விரித்து மீன்பிடித்த காலத்தில் விடியலின் கரைக்காற்றில் வெளியேறி, பிற்பகலின் கடற்காற்றில் திரும்புவார்கள். காயலிலும் அந்தக் கடற்காற்றுதான் எங்களுக்கு உதவப் போகிறது. ஆனால் படகுத்துறையில் கூட்டம் மிகுவதும் அதே பிற்பகல்தான். ஞாயிறு தவிர்த்த நாட்களைத் தேர்ந்துகொள்வோம்.

ஆறு மில்லிமீட்டர்க் கடல் ஒட்டுப்பலகை வாங்கி மேஸ்திரியின் கொட்டகையில் சாத்தியாயிற்று. மகள் தினமும் பள்ளி விட்டதும் அங்கே போய்க் கம்பித் துண்டுகளை எண்ணுகிறாள். “மக்ளே, கையைக் கிழிச்சிராதே” என்று அவள் அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள். ஆனால் அவளும்தான் போகிறாள்.

இனி எஞ்சியிருப்பது பாய். மிர்ரரின் பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து ஆறரைச் சதுர மீட்டருக்குள் வரும். பயன்படுத்திய பாய் யாரிடமாவது இருந்தால், சென்னையோ கொச்சியோ எங்கிருந்தாலும், உட்பெட்டியில் தெரிவியுங்கள்; வந்து பெற்றுக்கொள்கிறேன். ஓட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. நிறம் மட்டும் சிவப்பாக இருக்க வேண்டும். அந்தப் படகின் மரபு அது என்பதால் மகள் கேட்கிறாள். வெள்ளைப் பாய் அலை நுரையில் தெரியாது, தேடுகிறவன் கண்ணுக்குப் படாது என்பதால் அவள் அம்மா கேட்கிறாள்.