கருகிய செடியும் நமது அவசரமும்

2024 சனவரியில் உதகைக்குச் சென்றிருந்தோம். வழக்கமாக நவம்பரில் தொடங்கும் உறைபனி, மழை நீடித்தமையால் அவ்வாண்டு பிந்தியே வந்தது. இதமான பருவத்தை நம்பிச் செடிகள் இளந்தளிர் விட்டிருந்த வேளையில் குளிர் திடீரென இறங்கிவிட்டது.

1848-இல் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்காவின் புல்வெளி, விடியலில் வெண்ணிறமாய்க் காட்சியளித்தது. கண்ணுக்கு அழகுதான், செடிகளுக்கோ ஆபத்து! மேகமும் காற்றும் இல்லா இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்றோ பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவேதான் மேட்டுத் தேயிலை தப்பினும் பள்ளத்துத் தேயிலை கருகுகிறது.

நாம் தங்கிய இல்லத்தின் முற்றத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடி முற்றும் கருகி நின்றது. "இதைப் பிடுங்கிவிடலாமே!" என்றோம். தோட்டக்காரப் பெரியவர் தண்டை நகத்தால் மெல்லக் கீறினார். உள்ளே பச்சை!

"உயிர் இருக்குங்க, சாமி. இப்ப வெட்டினா, புதுத் தளிரும் பனியில போயிடும். கருகின இலையே அதுக்குப் போர்வை. பனிக்காலம் முடியட்டும்" என்றார்.

ஏப்ரலில் மடல் வந்தது: செடி துளிர்த்துவிட்டதாம். நமது அவசரத்தை எண்ணி நாணினோம். அன்பர்களே, உங்கள் தோட்டத்திலும் ஒரு செடி கருகி நின்றால், கத்தியை எடுக்குமுன் நகத்தால் கீறிப் பாருங்கள்.