முள் இறங்கும்போது

கார் எஞ்சின் சூடாகாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, மீட்டர் முள்ளைப் பார் என்பதுதான். முள் மேலே ஏறினால் வண்டியை ஓரங்கட்டு. நல்ல அறிவுரைதான். ஆனால் முப்பது வருஷம் வாடகை வண்டி ஓட்டிய என் அப்பா பயந்தது முள் ஏறுவதற்கு இல்லை. "ஏறுன முள்ளு தானா எறங்குச்சுன்னா, அப்பத்தான் கண்ணு வயித்தக் கலக்கோணும்" என்பார்.

எஞ்சினுக்குள் எரிகிற டீசலில் பாதிக்கும் மேல் வண்டியை நகர்த்துவதில்லை, வெறும் சூடாகவே போய்விடுகிறது. அதில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறும். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது தண்ணீர். வாட்டர் பம்ப் அதை சிலிண்டர்களைச் சுற்றி ஓடவிட்டு ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்கே காற்று பட்டு ஆறி மறுபடி உள்ளே வரும். தண்ணீரும் காற்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கம் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைய, முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும். வண்டியோ ஆமை வேகத்தில் போகும். முகத்தில் மோத வேண்டிய காற்று இருக்காது.

முள் நடுக்கோட்டைத் தாண்டியதும் அப்பா முதலில் ஏசியை நிறுத்துவார். அப்புறம் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவார். "இந்த வேக்காட்டுல ஹீட்டரா? ஏனுங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பின்சீட்டில் சத்தம் கிளம்பும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டர், உண்மையில் இன்னொரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் அது நம் மேல் ஊதுகிறது. நமக்கு வேர்க்க வேர்க்க எஞ்சினுக்கு ஆறும்.

அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த வளைவில் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடுவார். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்காருவார். ரேடியேட்டர் மூடியைத் தொடவே மாட்டார். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அந்த மூடி தருகிற அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். அப்போது மூடியைத் திருகுவது, விசில் அடிக்கிற குக்கரைத் திறப்பது மாதிரி. அத்தனையும் முகத்துக்கு வரும். சுடுகிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் விடமாட்டார். உலோகம் விரிசல் விட்டுவிடும்.

ஒரு ஆடிப்பதினெட்டுக்குக் கோயிலுக்குப் போன குடும்பம், இந்த அரைமணி நேரத்துக்காக வாடகையில் இருநூறு ரூபாயைக் கழித்துக்கொண்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அம்மா கேட்டதற்கு மட்டும் சொன்னார்: "இருநூறு நாளைக்கு வந்துரும். ஹெட்டு வளைஞ்சா நாலு மாசச் சோறு போயிரும்."

அது மிகைப்பேச்சு இல்லை. பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எல்லை தாண்டிச் சூடானால் ஹெட் கோணிக்கொள்ளும், நடுவிலிருக்கிற கேஸ்கெட் கிழியும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். அந்த டீயைப் பார்த்த பிறகு மெக்கானிக்கிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

சரி, முள் இறங்குவதற்கு ஏன் பயம்? முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் தண்ணீரில் முங்கி இருக்கும். எஞ்சினின் சூட்டை அது நேராக அளப்பதில்லை, தன்னைச் சுற்றியிருக்கிற தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கிறது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். முள் சாதுவாகக் கீழே வரும். ஓட்டுகிறவர் நிம்மதியாக ஆக்சிலரேட்டரை மிதிப்பார். உள்ளே எல்லாம் வெந்துகொண்டிருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் பல வருஷம் "உள்ளங்கால் திகுதிகுன்னு எரியுது" என்று ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. "இப்பெல்லாம் எரியறதே இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

அந்தச் சமயம் அவர் ஓட்டியது, சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இருக்கிற ஒரு பழைய வேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் அவர் வழக்கம். ஒரு நாள் ராத்திரி சவாரி முடித்து வந்தவர் நடந்த இடமெல்லாம் ஈரமாக இருப்பதை அம்மாதான் பார்த்தாள். வலது காலில், விரல்களுக்குக் கீழே, தரைத்தகட்டின் சூட்டில் கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, "தொடும்போது சொல்லுங்கய்யா" என்று உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகக் குத்திக்கொண்டே வந்தார். அப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "எப்பங்க டாக்டரம்மா தொடுவீங்க?"

அதற்குள் பத்து இடம் முடிந்திருந்தது.

வெளியே பெஞ்சில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தண்ணி தீந்துதான் முள்ளு எறங்கியிருக்குது கண்ணு" என்றார். நரம்பு செத்து வலி போனதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. புண் ஆற ஐந்து மாதம் ஆனது. கால் பிழைத்தது. வேனை விற்றுவிட்டோம்.

இப்போது வீட்டில் இருப்பது என் கார். வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ரிசர்வ் டேங்க்கில் கூலண்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன். ஹோஸை அமுக்கிப் பார்ப்பேன். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பேன்.

அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துத் தன் காலைச் சோதித்துக்கொண்டிருப்பார். அது அவருக்குத் தினசரி வேலை. பார்வையும் முன்னே மாதிரி இல்லை.

"சுண்டுவெரலுக்குப் பக்கத்துல செவப்பா இருக்குதா, பாரு கண்ணு" என்பார்.

கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பேன்.