தண்ணிப் பக்கம் போவாத

பங்கோர் தீவுக்குப் போகலாம் என்று மகள் கேட்டபோதெல்லாம் "அடுத்த லீவுக்குப் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று லீவுகள் போய்விட்டன. ஈப்போவிலிருந்து லூமூட் ஒன்றரை மணி நேரம்தான். கேமரன் மலைக்கும் பினாங்குக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். பங்கோர் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. பத்து வயதுக்காரிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அம்மா, உங்களுக்குத் தண்ணின்னா பயம். அதானே?"

பக்கத்தில் என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கூட்டிட்டுப் போயேன். நானும் வாரேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணிப் பக்கம் போன, கால ஒடச்சிருவேன்" என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்ததே அவர்தான்.

நாற்பத்திரண்டு வயதாகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. என்னோடு தோட்டத்தில் வளர்ந்த பெண்களில் யாருக்கும் தெரியாது, பையன்களிலும் பலருக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கிந்தா பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். உலகத்தின் பெரிய ஈய வயல்களில் ஒன்று அது. நூறு வருஷத்துக்கு மேல் தோண்டினார்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து விழுந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களை யாரும் மூடவில்லை. மழைத் தண்ணீர் நிறைந்து குட்டை குட்டையாகக் கிடந்தன. இப்போது தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் செய்த ஈயம் வாரும் கப்பல் ஒன்றைச் சுற்றுலாவுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். 1982 வரை ஓடிய கப்பல். டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் படம் பிடித்துக்கொள்ளலாம். அதே மாதிரிக் கப்பல்கள் விட்டுப்போன குட்டைகளைப் பார்க்க டிக்கெட் தேவையில்லை.

எங்கள் தோட்டம் பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில், கெல்லி மாளிகை இருக்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கடைசி லயத்தைத் தாண்டி, பால் மரங்கள் முடியும் இடத்தில் வெள்ளை மணல் தொடங்கும். மணலுக்கு அப்புறம் குட்டை. அவ்வளவு அழகான பச்சைத் தண்ணீரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், மூன்றாவது எட்டில் ஒன்றுமே இருக்காது. மணல் காலுக்குக் கீழே பொலபொலவென்று சரியும். வேலி கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. தோட்டத்தைக் கேட்டால் அது சுரங்கத்துக்காரன் நிலம், சுரங்கத்துக்காரனோ கதவை மூடிவிட்டுப் போய்ப் பல வருஷம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் கெலி மீன் பிடிக்கப் போனார்கள். சின்னவன் என் வகுப்பு. அன்றைக்கு எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஆயாக்கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தபடி சத்தத்தை மட்டும்தான் கேட்டோம். சின்னவனை அன்று சாயங்காலமே யாரோ குதித்து எடுத்தார்களாம். பெரியவனை மறுநாள் பொம்பாக்காரர்கள் வந்து எடுத்தார்கள். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். அப்புறம் ஒன்று: வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் சேலை பின்பக்கக் கம்பியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. மரம் வெட்டிவிட்டு வந்து குளித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சேலையில் சேற்று வாடை அடித்தது.

கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்காரர்கள் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். பிறகு பால் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். நாங்கள் ஈப்போவில் ஒரு தாமானுக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வசனம் மட்டும் கூடவே வந்தது. மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தது என் வீட்டுக்காரர். ஒருநாளும் நான் போய்ப் பார்த்ததில்லை. குளத்தின் குளோரின் வாடை பட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேர் கிளம்பினோம். வீட்டுக்காரருக்கு வேலை. அம்மா நாசி லெமாக் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார், தீவில் பசியாற எதுவுமே கிடைக்காது என்பதுபோல. பேரியில் சன்னலோரம் உட்கார்ந்ததும் மாசி மகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தோட்டத்தில் இருந்தபோது நாங்கள் கடலைப் பார்த்தது அந்த ஒரு நாளில்தான். பங்கோர் பத்திரகாளியம்மன் கோவில் திருவிழாவுக்கு லோரியில் நின்றுகொண்டே வருவோம். பெரியவர்கள் கரையில் நின்று, குனிந்து, உள்ளங்கையால் தண்ணீர் அள்ளி எங்கள் தலையில் தெளிப்பார்கள். எங்களுக்கு அவ்வளவுதான் கடல். அலையில் கால் நனைக்கக்கூடக் கையைப் பிடித்துக்கொண்டுதான் விடுவார்கள். உல்லாசத்துக்காகக் கடலுக்கு வந்த தோட்டத்துக் குடும்பம் எதுவும் அந்தக் காலத்தில் எனக்கு ஞாபகம் இல்லை.

படகுத்துறையில் இறங்கினால் ஊதா ரோஸ் கலரில் வேன்கள். தீவு முழுக்க டாக்சிகளுக்கு அந்த ஒரே நிறம்தான், மகளுக்கு அதிலேயே பாதிப் பணம் வசூல். 2020 ஜனவரியிலிருந்து வரியில்லாத் தீவு ஆகிவிட்டதால் சாக்லேட்டும் சட்டிபானையும் விற்கும் கடைகள் முளைத்திருந்தன. கருவாட்டுக் கடைகள்தான் இன்னும் பங்கோரின் முகம் என்பேன். வேன்காரர் முதலில் தெலுக் கெடோங்கில் டச்சுக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்.

"இவ்ளோதானா?" என்றாள் மகள். கூரையில்லாத நாலு செங்கல் சுவர்கள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1670-இல் பேராக்கிலிருந்து வரும் ஈயத்தைப் பத்திரப்படுத்த டச்சுக்காரர்கள் கட்டியது. 1690-இல் உள்ளூர்க்காரர்கள் தாக்கினார்கள். 1743-இல் மறுபடி கட்டி, ஐந்து வருஷத்தில் கைவிட்டுப் போனார்கள். இப்போது நிற்பது 1973-இல் சீர்செய்த சுவர். பேராக்கில் வெள்ளைக்காரன் கால்வைத்த கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஈயத்தில் போய் முட்டும். 1874 ஜனவரி 20-ஆம் தேதி இதே பங்கோர் கடலில் நின்ற 'புளூட்டோ' கப்பலில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் லாருட் ஈயச் சண்டைகள் ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அதற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் கிடந்த குட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கூரை போட்டு ஒரு பெரிய பாறை. பத்து மீட்டருக்கு மேல் நீளம். அதில் 1743 என்ற எண்ணும், டச்சுக் கம்பெனியின் எழுத்துகளும், புலி ஒன்று குழந்தையைப் பிடித்திருப்பதுபோல ஒரு சித்திரமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. டச்சு அதிகாரி ஒருவரின் பிள்ளை இங்கே விளையாடிக்கொண்டிருந்தபோது காணாமல் போனதாம், புலி தூக்கிப்போனதாகச் சிப்பாய்கள் செதுக்கி வைத்தார்களாம். புலியில்லை, ஊர்க்காரர்கள்தான் பழிவாங்கக் கடத்திக் கொன்றார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. மகள் செல்போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

அம்மா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வேன் பக்கம் நடந்த பிறகும் அவர் வரவில்லை. திரும்பிப் போய்க் கூப்பிட்டேன்.

"ஒரு புள்ளைக்குக் கல்லுல எழுதி வச்சிருக்கான் பாரு. முந்நூறு வருஷமாச்சு" என்றார்.

வேன் பாசிர் போகாக்கைத் தாண்டும்போது எதிரே பங்கோர் லாவுட் தெரிந்தது. தனியார் உல்லாசத் தீவு, பாவரொட்டி வந்து பாடிய இடம். பகல் பயணிகளுக்கு அங்கே வேலையில்லை. ஜப்பான் காலத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் காட்டில் ஒளிந்திருந்த ஸ்பென்சர் சாப்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1945 மே மாதம் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பித்தது அந்தத் தீவின் கரையிலிருந்துதான். இதைச் சொன்னதும் மகள் முதல்முறையாகச் சரித்திரத்தில் ஆர்வம் காட்டினாள். "நீந்திப் போய் ஏறினாரா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று எல்லாமே நீச்சல்தான்.

தெலுக் நிப்பாவில் இறங்கியதும் நாலைந்து படகுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாழைப்படகு, ஜெட் ஸ்கி, கயாக், கியாம் தீவுக்குப் போய் மீன் பார்ப்பது. எங்களுக்கு வாய்த்தது இருபது வயது மலாய்ப் பையன். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, வார்களை இழுத்துப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டான்: யாருக்கு நீச்சல் தெரியாது?

மகள் என்னைக் கைகாட்டினாள். பையன் அம்மாவைப் பார்த்தான். "மாக்சிக்?"

"சாயா பண்டாய்" என்றார் அம்மா.

எனக்குத் தெரியும் என்று மலாயில் சொல்கிறார். நான் சிரித்தேன். பையனும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கியாம் தீவு கூப்பிடு தூரம்தான், தண்ணீர் வற்றினால் கோரல் பே கரையிலிருந்து நடந்தே போகலாம் என்கிறார்கள். படகை நிறுத்தியதும் மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொபுக்கென்று குதித்துவிட்டாள். நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தலையையே எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே தலைதான், அதைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். அப்போது அம்மா எழுந்தார். கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்து முடிந்துகொண்டு, படகு ஓரத்து ஏணியில் பின்பக்கமாக இறங்கினார். இறங்கிக் கையை விட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிதவைச் சட்டையோடு, அறுபத்தெட்டு வயதில், கையால் தண்ணீரை ஒதுக்கி ஒதுக்கிப் பேத்தியிடம் போய்ச் சேர்ந்தார். பார்க்க அழகாக இல்லை, தவளை போலத்தான் இருந்தது. ஆனால் அது நீச்சல்.

கரைக்கு வந்து மரநிழலில் உட்கார்ந்து மீன் சாத்தே சாப்பிடும்போது கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"சுங்கை சிப்புட்ல. எங்க தோட்டத்துக்குக் கீழ பிளூஸ் ஆறு ஓடும். அண்ணனுங்களோட போவேன். மழ காலத்துலகூட அக்கரைக்குப் போய்ட்டு வருவேன்."

"அப்புறம் ஏன் எங்களுக்குச் சொல்லித் தரல?"

குச்சியிலிருந்த மீனைப் பேத்தி தட்டில் உருவிப் போட்டார். அவள் தண்ணீருக்குத் திரும்பி ஓடும்வரை காத்திருந்தார்.

"சின்னவன எடுத்தது நாந்தான்" என்றார்.

குட்டைக்கரையில் பெண்கள் கூடி நின்று அழுதுகொண்டிருந்தார்களாம். ஆண்கள் வெளிக்காட்டு வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. யாருக்கும் நீச்சல் தெரியாது. இவர் சேலையோடு இறங்கினார். மேலே சூடான தண்ணீர், கீழே போகப்போக ஐஸ் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை முங்கியபோது சட்டை கையில் சிக்கியது. மேலே கொண்டுவந்து போட்டபோது ஒன்றுமில்லை. பெரியவனைத் தேடி மறுபடி இறங்கப் போனவரைப் பெண்கள் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார்கள்.

"அன்னிக்கு ராத்திரியே லயத்துப் பொம்பளைங்கெல்லாம் பேசி வச்சிக்கிட்டோம். எந்தப் புள்ளையும் தண்ணிப் பக்கம் போகக்கூடாதுன்னு. எனக்கு நீச்சல் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க கேப்பீங்க. அதனால எனக்குத் தெரியாதுன்னே ஆயிருச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பயம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவருக்குப் பயமே இருந்ததில்லை. நிறையப் பேர் சேர்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. வேலி போடவேண்டியவர்கள் போடவில்லை, இவர்கள் வாயாலேயே வேலி போட்டார்கள். அந்த முடிவு சரியா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் லயத்தில் அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் மூழ்கவில்லை என்பது உண்மை. இன்னொரு பிள்ளை விழுந்திருந்தால் எங்களில் ஒருவரால்கூட இறங்கி எடுத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

வெயில் இறங்கிய பிறகு அம்மா என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போனார். இடுப்பளவு. மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முதுகுக்குக் கீழே அவர் உள்ளங்கை இருந்தது. முப்பது வருஷம் உளி பிடித்துக் காய்த்துப்போன கை.

"தலைய வுடு. கழுத்த ஏன் வெறச்சிக்கிட்டு இருக்க? காதுல தண்ணி போனா போவட்டும்."

விட்டேன். காது மூழ்கியதும் கரைச் சத்தமெல்லாம் அடைத்துப்போனது. வானத்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் காட்டை நோக்கிப் போயின. சாயங்காலமானால் தெலுக் நிப்பாவுக்கு அவை கூட்டமாக வரும், ஆட்கள் பழம் கொடுப்பார்கள். அம்மா ஏதோ சொல்வதுபோல வாயசைத்தார். எனக்குக் கேட்கவில்லை. "கைய எப்பவோ எடுத்துட்டேன்" என்று சொன்னாராம். பிறகு மகள்தான் சொன்னாள். அவள் கணக்குப்படி பதினோரு விநாடி. எழுந்து நிற்கும்போது மூக்கு வழியாக வேண்டிய மட்டும் கடலைக் குடித்தேன்.

திரும்பும் பேரியில் ஆளுக்கொரு நெத்திலிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பிளூஸ் ஆத்துல இப்ப தண்ணி எப்படி இருக்கோ தெரியல" என்றார்.

"அடுத்த லீவுக்குப் போவோம்" என்றேன்.

மகள் செல்போனை எடுத்தாள். "எந்த மாசம், என்ன தேதி? இப்பவே சொல்லுங்க" என்றாள்.