அபராதம் யாருக்கு?

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேணும் என்று எங்கள் சேரிப் பிள்ளைகளை உபதேசியார் மனப்பாடம் பண்ண வைத்தார். பாவத்தை நினைச்சுப் பார்க்கணும், மனஸ்தாபப்படணும், இனிச் செய்யமாட்டேன்னு உறுதி எடுக்கணும், குருவிடம் சொல்லணும், அவர் கொடுக்கிற அபராதத்தைத் தீர்க்கணும். எட்டு வயசுப் பிள்ளைக்கே இவ்வளவு கறார். அங்கி போட்டவர்களுக்கு?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகளைச் சீரழித்த குருக்களைத் திருச்சபை தெரிந்தே பங்கு பங்காக மாற்றி வந்ததை 2002 ஜனவரியில் ‘பாஸ்டன் குளோப்’ அம்பலமாக்கியது. ஜான் கேகன் என்ற ஒரே குருவின் மேல் 130க்கும் அதிகமானவர்கள் புகார் சொன்னார்கள். பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா அந்த டிசம்பரில் பதவி விலகினார். அபராதம்? 2004இல் ரோமாபுரியின் மரியா மேஜர் பேராலயத்துக்குத் தலைமைக் குரு. 2017இல் செத்தபோது தூய பேதுரு பேராலயத்தில் அடக்கப் பூசை. போப்பாண்டவரே வந்து நின்றார்.

தூரத்துக் கதை என்று தள்ள முடியாது. மின்னசோட்டாவில் பணி செய்த ஊட்டி மறைமாவட்டக் குரு ஒருவர், பதின்வயதுப் பெண்ணிடம் செய்த பாலியல் குற்றத்தை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து வந்தவரின் இடைநீக்கத்தை 2016இல் ரோமாபுரியைக் கலந்துகொண்டு மறைமாவட்டம் நீக்கிவிட்டது. அந்தப் பெண்ணை யார் கலந்துகொண்டார்கள்?

நம் ஊர்களில் புகார் கொண்டுபோனால் கிடைக்கிற பதில் தெரிந்ததுதான்: “அதான் மாத்திட்டமே, போங்க.” மாத்தின ஊரில் பிள்ளைகள் இல்லையா? அதுவும் புகார் போனால்தானே. பள்ளிக்கூடத்தில் இடம், ஹாஸ்டல், வேலைக்குச் சிபாரிசு, கல்லறையில் ஒரு குழி, எல்லாம் சாமியார் கையில். கூலிக்குப் போகிற தலித் தாய் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பாள்? மீறித் திறந்தால், “வெளியே சொன்னா மதவெறிக்காரனுக்கு லாபம், விசுவாசம் இல்லாத பேச்சு” என்று அடக்குகிறார்கள். மதவெறியர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை ஏன் எங்க பிள்ளைகளின் உடம்பு?

சட்டம் இல்லாமலில்லை. குற்றத்தை மூடி மறைக்கிற ஆயர்கள் மேலும் புகார் தரலாம் என்று 2019இல் போப் பிரான்சிஸ் ஆணையிட்டார். விசாரிப்பது பெரும்பாலும் பேராயர். பெரியதனக்காரன் மேலான பிராதைப் பெரியதனக்காரனே விசாரிக்கிற மாதிரி. நமக்கு 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் மேலான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவர் ஆயரானாலும் குற்றவாளிதான்.

எங்கம்மா இன்னமும் ஜெபமாலையை விடவில்லை. விடச் சொல்லவும் மாட்டேன். சேசு அவளுக்குச் சொந்தம், மேற்றிராணியார் கொடுத்த கடன் இல்லை. விசுவாசிகள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல உரிமையுண்டு, சில சமயம் கடமையே உண்டு என்று 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், 212ஆம் விதி, சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு பங்குப் பேரவையில் ஒன்றே ஒன்று கேட்போம்: புதுசாக வருகிற சாமியாரைப் போன பங்கிலிருந்து ஏன் மாற்றினீர்கள்? எழுத்தில் கொடுங்கள்.