கட்டைப் பிரித்தால் கணக்கு வரும்!

'கடன் வாங்கிக் கழித்தல்' என்றாலே இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் கடைக்குட்டிக்கு வயிற்றுவலி வந்துவிடும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்பாள். தென்னை ஈர்க்குகளை நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பாண்டு போட்டுக் கொடுத்தேன்.

32-ல் 17 போக வேண்டும். மூன்று கட்டு, இரண்டு உதிரி. இரண்டில் ஏழு எடுக்க முடியாதே! "ஒரு கட்டைப் பிரிச்சுக்கட்டுமாம்மா?" என்று அவளே கேட்டாள். உதிரி பன்னிரண்டானது, ஏழு போக ஐந்து. மீதியிருந்த இரண்டு கட்டில் ஒன்று போக ஒன்று. ஆக, 15! கடனும் இல்லை, கண்ணீரும் இல்லை.

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் சின்ன வகுப்புகளுக்கு இப்படிச் செய்து கற்கும் முறைதான்.

ஈர்க்கு இல்லையென்றால் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகச் சிறு பைகளில் கட்டுங்கள், சகோதரிகளே. விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கொட்டைகளை மறக்காமல் எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்!