சங்குப்பிட்டி தாண்டினால்

திங்கட்கிழமைகளில் அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுப் படலை திறக்கும். அம்மா தேநீரோடு வாசலுக்கு வருவா. "மெதுவாப் போ பிள்ளை, போய்ச் சேர்ந்ததும் அடி" என்பா. யாழ்ப்பாணத்தில் வீடு, மன்னாரில் வேலை என்று வாழும் என்னைப் போன்ற பெண்களுக்கு வாரம் இப்படித்தான் தொடங்குகிறது.

நாவற்குழியில் திரும்பி, தனங்கிளப்பு தாண்டிக் கேரதீவை அடையும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். முன்பு இந்த இடத்தில் பாதைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகுதான் மன்னாருக்குப் போக வவுனியாவைச் சுற்ற வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமல் போனது. பாலத்தின் இரு புறமும் ஆழமில்லாத களப்பு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

பூநகரிக்குப் பிறகு வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். பனைகள், பற்றைக்காடு, இடைக்கிடை வயல், மீண்டும் காடு. முழங்காவில், வெள்ளாங்குளம், பாலியாறு, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவுச் சந்தி என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஆனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் நீண்ட தனிமை இருக்கும். போர் நடந்த காலத்தில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்த வீதி இது. இன்று தார் போட்டு அழகாக இருக்கிறது. அழகான வீதியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. என் பழைய ஸ்கூட்டர் அந்தக் காலத்தோடு களைத்துவிட்டது. புதிது வாங்கலாம் என்றால் 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025இல் கதவு திறந்ததும், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட 250 சீ.சீ. மோட்டார் சைக்கிள் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். அகலமான இருக்கை, பெரிய பெற்றோல் தாங்கி, பைகள் மாட்டச் சட்டம். அது ஜூன் மாதம் நடுப்பகுதி.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் பதில் சொல்லவில்லை. வாரத்துக்கு நானூறு கிலோமீற்றர் ஓடுபவளுக்கு முதுகு வலிக்காத வண்டி வேண்டும் என்பது விளக்கம் தேவையில்லாத விடயம். விற்பனை நிலையத்தில் குளிர்பானம் தந்தார்கள், மாலை போட்ட வண்டியோடு படம் எடுத்தார்கள். இரண்டு வருடம் அல்லது இருபதாயிரம் கிலோமீற்றர் வொறன்ரி என்றார்கள். "எது முதலில் வருகிறதோ அது" என்ற வரியை அன்று நான் கவனிக்கவில்லை. என் ஓட்டத்துக்கு இருபதாயிரம் கிலோமீற்றர் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். நெடுந்தூரம் ஓடவென்று வாங்கிய வண்டிக்கு, நெடுந்தூரம் ஓடுவதாலேயே உத்தரவாதம் பாதியாகிறது.

முதல் ஏழு வாரங்கள் நன்றாகவே போயின. மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது தூரத்தில் தெரியும் காற்றாலைகளும், 1560இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையும், ஊருக்குள் வீதியில் திரியும் கழுதைகளும், பள்ளிமுனையின் பருத்த பெருக்கமரமும் ஒவ்வொரு திங்களும் என்னை வரவேற்றன. கிராமங்களில் உள்ள பெண்கள் சேமிப்புக் குழுக்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. பஸ்ஸில் போனால் ஒரு நாளுக்கு ஒரு குழு. வண்டியில் போனால் மூன்று.

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பாலியாறு கடந்ததும் ஹோர்ன் சத்தம் தளர்ந்தது. முன்னால் உள்ள எண் பலகை மங்கியது. பிறகு ஒரு விக்கல் எடுத்து எஞ்சின் நின்றது. பொத்தானை அழுத்தினால் "டிக், டிக்" என்ற ஒலி மட்டும்தான். இரண்டு புறமும் காடு, நேரம் பிற்பகல் இரண்டு மணி.

எனக்கு அப்பாவின் பழைய எம்.டி. 90 நினைவுக்கு வந்தது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டி அது. நின்றால் அப்பா வீதியோரத்தில் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஓடவைப்பார். என் புதிய வண்டிக்கு உதைக்கும் மிதி கிடையாது. பெற்றோலை எஞ்சினுக்குத் தள்ளுவதே மின்சாரப் பம்பிதான். பற்றரி முழுதாக இறந்துவிட்டால் தள்ளிக் கிளப்பவும் முடியாது. அறிவு கூடிய வண்டி, ஆனால் தனியாக நிற்கத் தெரியாத வண்டி.

அரை மணி நேரத்தின் பின் லான்ட்மாஸ்டரில் விறகு ஏற்றி வந்த ஐயா ஒருவர் நிறுத்தினார். "என்ன பிள்ளை, தனியா நிக்கிறாய்?" என்றவர் மறுபேச்சில்லாமல் விறகை ஒதுக்கி, வண்டியைத் தூக்கி ஏற்றினார். வெள்ளாங்குளச் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் ஒப்படைத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அக்கா முதலில் தண்ணீர் தந்தா. பிறகு பக்கத்து ரயர்க் கடைத் தம்பியைக் கூப்பிட்டா. இருபது வயது இருக்கும். லான்ட்மாஸ்டர் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து என் வண்டியைக் கிளப்பினான். ஒரு சின்ன மீற்றரை வைத்துப் பார்த்தான். "அக்கா, எஞ்சின் ஓடேக்க பதின்னாலு வோல்ற் கிட்ட காட்ட வேணும். இது பன்னிரண்டுதான் காட்டுது. பற்றரி பிழையில்லை, சார்ஜ் ஏறேல்லை. ரெகுலேற்றரைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றான். சிகரெட் பெட்டி மட்டையில் திகதியும் இலக்கங்களும் எழுதித் தந்தான். வண்டியைக் கடைக்குப் பின்னால் பூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீடு வந்தேன்.

மறுநாள் விற்பனை நிலையத்துக்கு அழைத்தேன். "இங்க கொண்டு வாங்கோ மிஸ், பாத்துத் தாறம்." சிறிய லொறி பிடித்து, என் செலவில் கொண்டுபோனேன். மட்டையைக் காட்டினேன். முகப்பில் இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பற்றரியை மாற்றினார்கள். பற்றரிக்கு வொறன்ரி இல்லையாம், காசு கட்டினேன்.

மூன்று வாரங்களில் முழங்காவிலுக்கு அருகில் மீண்டும் நின்றது. இந்த முறை பதில் வேறு விதமாக வந்தது. "வெளி ஆக்கள் வயரிங்கில கை வைச்சிருக்கினம் மிஸ். இனி வொறன்ரி சரிவராது." கூடவே ஒன்று சொன்னார்கள்: "அண்ணா ஆரும் இருந்தா ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ, விளங்கப்படுத்தலாம்." எனக்கு அண்ணா இல்லை. இருந்தாலும் லீசிங் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து.

வண்டி அவர்களுடைய கொட்டகையில் நின்றது. லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. நான் பஸ்ஸில் போனேன். குழுக்களுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. காலபோக விதைப்புக்கு முன் கடன் எடுக்கவிருந்த பெண்களின் கணக்கை நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருத்தி தனியாக இரண்டு ஏக்கர் செய்பவள். விதைநெல்லை வட்டிக்கு வாங்கினாளாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்த இரவில் ஒரு கொப்பியை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். வாங்கிய திகதி, ஓடிய தூரம், நின்ற இடம், மீற்றர் காட்டிய அளவு, யாருடன் எத்தனை மணிக்குப் பேசினேன், என்ன பதில். மட்டையையும் பற்றுச்சீட்டுகளையும் பிரதி எடுத்தேன். சட்டம் தெரிந்த தோழி ஒருத்தி சொன்னாள்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறையிடலாம். ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தேன். எட்டு நாட்கள் மட்டுமே மீதி இருந்தன. இன்னும் ஒரு முறை "பாத்துத் தாறம்" என்ற சொல்லை நம்பியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

கடிதத்தின் ஒரு பிரதியை விற்பனை நிலையத்துக்கும், ஒன்றைக் கொழும்பிலுள்ள அவர்களது தலைமை அலுவலகத்துக்கும் கொடுத்தேன். ஏழு நாட்களில் பதில் வராவிட்டால் அதிகாரசபைக்குப் போகும் என்று கீழே எழுதினேன். சண்டை பிடிக்கவில்லை. குரல் உயர்த்தவும் இல்லை.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. போனபோது முகப்பில் இருப்பவர்களுடன் பேசவில்லை. பின்னால் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஐயாவிடம் நேரே அனுப்பினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மட்டையை வாசித்தார். இருக்கையைக் கழற்றி ரெகுலேற்றருக்குப் போகும் வயர் இணைப்பை இழுத்தார். பிளாஸ்ரிக் உருகிக் கறுத்திருந்தது. "இந்தப் பெடியன் சரியாத்தான் சொல்லியிருக்கிறான். ஆர் பிள்ளை இவன்?" என்றார்.

அவர் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கிளையில் உதிரிப்பாகக் களஞ்சியமே இல்லை. எல்லாம் கொழும்பிலிருந்து வர வேண்டும். முகப்பில் இருக்கும் இளைஞரிடம் இருப்பது ஒரு தொலைபேசி மட்டும்தான். கையில் எதுவும் இல்லாதவர் "கொண்டு வாங்கோ" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்? அதன் பிறகு அந்த இளைஞர் மீதிருந்த என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி, வண்டியை மட்டும் வடக்குக்கு அனுப்பி உதிரிப்பாகத்தைக் கொழும்பில் வைத்திருப்பவர்கள் மீது இருக்கிறது.

பாகம் வரப் பத்தொன்பது நாட்கள் சென்றன. வொறன்ரியிலேயே மாற்றித் தந்தார்கள். தேவையில்லாமல் வாங்கவைத்த பற்றரியின் காசும் திரும்பி வந்தது. லொறிக் கூலி வரவில்லை. விதைநெல்லுக்கு அவள் கட்டிய வட்டியை யார் தருவார்?

புதிய வண்டி வாங்க நினைக்கும் தோழியருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். நிறமும் விலையும் கேட்பதற்கு முன், உதிரிப்பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். வீதியில் நின்றால் ஏற்றிவர யார் வருவார், செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வொறன்ரிப் புத்தகத்தில் கிலோமீற்றர் எல்லையை உங்கள் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். முதல் சேர்விஸைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேலைச் சீட்டில் நீங்கள் சொன்ன குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தைக் கைபேசியில் பதிந்துவையுங்கள். முடிந்தால் ஒரு சிறிய மீற்றரும் வாங்குங்கள். அதைப் பிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இப்போது என் பையிலும் ஒரு மீற்றர் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் வெள்ளாங்குளத்தில் பத்து நிமிடம் நிற்பேன். தம்பியிடம் மெக்கானிக் ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே, "இண்டைக்கு எத்தினை காட்டுது?" என்று கேட்பா. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, "பதின்னாலு அக்கா" என்பேன்.

"அப்ப போயிட்டு வா" என்பா. அதன் பிறகுதான் மன்னார் நோக்கிப் புறப்படுவேன்.